மனசுக்குள்ள பாடுங்கம்மா

என் மனைவியின் குரல் பெரியது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை சோடாக் கடையில் நின்றாலே, எங்கள் வீட்டில் அப்போது என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். துணி துவைக்க ஒரு பாட்டு, மாவாட்ட ஒரு பாட்டு, மீன் கழுவ இன்னொன்று. எல்லாம் லத்தீன். சிறு வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தபோது மனப்பாடம் செய்தவை. அர்த்தம் தெரியாது. எந்தப் பாட்டு யாருக்கு என்று மட்டும் தெரியும்: இது மாதாவுக்கு, இது நற்கருணைக்கு, இது செத்தவர்களுக்கு. செத்தவர்களுக்கானதைத்தான் மீன் கழுவும்போது பாடுவாள்.

பங்குக் கோயிலின் மேல்மாடத்துப் பாடகர் குழுவில் அவள் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். பூசை தமிழுக்கு மாறியபோதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தமிழையும் அதே பலத்தோடு பாடினாள். எழுபதுகளின் கடைசியில் ஒரு இளம் சாமியார் மாற்றலாகி வந்தார். நல்லவர், சிரித்த முகம், ஸ்கூட்டர் வைத்திருந்தார். கோயிலுக்குள் கித்தாரையும் கொண்டுவந்தார். கித்தார் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. காரணம் என்னவென்று விசாரித்ததில் என் மனைவி என்று தெரிந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அவளைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, இனிமே சின்னப் பசங்க மேல பாடட்டும். நீங்க கீழ பெஞ்சுல உக்காந்து மனசுக்குள்ள பாடுங்கம்மா. ஆண்டவருக்குக் கேக்கும்."

"ஆண்டவருக்குத்தான் கேக்குமே சாமி, அந்தக் கித்தாரையும் மனசுக்குள்ளயே வாசிக்கச் சொல்லுங்களேன்."

சாமியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பாடுவதையும் நிறுத்தினாள்.

நாங்கள் இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குச் சத்தம் என்று இருந்ததே அவள் பாட்டுதான். அது நின்றதும் குழம்பு கொதிப்பது கேட்டது. பல்லி கத்துவது கேட்டது. நான் சொல்லும் நகைச்சுவைத் துணுக்குகள் எனக்கே தெளிவாகக் கேட்டன; அதுதான் தாங்க முடியவில்லை. எப்படியாவது அவளை மறுபடி பாட வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இவளைப் பாட விடுகிற கோயில் ஒன்று ஊரில் இருக்காதா? புதுச்சேரியில் கோயிலுக்கா பஞ்சம்?

முதலில் பிரெஞ்சுப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்மூர் சொல்தாக்களும் அவர்கள் மதாம்களும் மிச்சம். பாட்டு வந்ததும் எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள். இவளுக்குத் தெரிந்த லத்தீன் வரி ஒன்று நடுவில் வர, ஒரே ஒரு வரிதான், வாயைத் திறந்தாள். முன்வரிசை மதாம் தொப்பியோடு திரும்பி, "தூஸ்மான், மதாம், தூஸ்மான்" என்றாள். மெதுவாக என்று அர்த்தம். மனசுக்குள் பாடச் சொல்வதற்கு பிரெஞ்சிலும் வார்த்தை இருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினோம்.

அப்புறம்தான் மில்லில் என்னோடு வேலை செய்த ஒருவர் தன் சபையைப் பற்றிச் சொன்னார். ரெட்டியார்பாளையத்தில், சைக்கிள் கடைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம்.

"அங்க எல்லாருமே கத்துவாங்களா?" என்று கேட்டேன்.

"தெருவே அதிரும்ணே."

இதுதான் நம் இடம் என்று தோன்றியது. அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. "அவங்க மாதாவ கும்பிட மாட்டாங்களாமே" என்றாள். "நீ மனசுக்குள்ள கும்பிடு" என்றேன். முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கேரியரில் அவளை உட்கார வைத்து மிதித்தேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஒட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது ஆராதனை தொடங்கிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். கதவோரம் ஸ்டூல் மேல் ஒரு குண்டானில் தண்ணீர் இருந்தது. எங்கள் கோயில் வாசலில் தீர்த்தம் இப்படித்தான் இருக்கும்; நாற்பத்தைந்து வருடப் பழக்கம். கை தானாகப் போயிற்று. விரலை நனைத்து நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "பிரதர், அது குடிக்கிற தண்ணி. டம்ளர் இருக்கு பாருங்க."

ஒரு டம்ளர் குடித்தேன். வேறென்ன செய்வது?

உள்ளே ஆண்களுக்கு ஒரு பக்கம் பாய், பெண்களுக்கு மறுபக்கம் பாய். பெண்கள் எல்லாரும் வெள்ளைப் புடவை, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. என் மனைவி மாம்பழ நிறப் புடவையில் ஜிமிக்கியோடு நடுவில் போய் உட்கார்ந்தாள். கைதட்டலும் தப்பட்டையுமாக ஒரே சத்தம். ஆனால் அவளுக்கு ஒரு பாட்டும் தெரியவில்லை. நினைத்ததற்கு நேர்மாறாக, அந்தக் கூடத்திலேயே வாய் மூடி இருந்தது அவள் ஒருத்திதான்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. "புதுசா வந்திருக்கிற பிரதர் எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எழுந்தேன். "முத்தியால்பேட்டைலேர்ந்து சைக்கிள்ல வந்தேங்க."

"ஸ்தோத்திரம்!" என்றது கூடம் முழுவதும்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "வழியில பஞ்சர் ஆயிடுச்சு."

"அல்லேலூயா!"

"ஒட்டுன ஆளே எனக்கு இந்த வழியையும் காட்டுனாருங்க."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

மில்லில் இத்தனை வருடமாக எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அதிகபட்சம் கிடைத்தது, "சரி சரி, வேலையப் பாருய்யா." இங்கே பஞ்சருக்கே அல்லேலூயா. என் ஆன்மிக வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தது. இன்னும் நாலு சமாசாரம் சொல்லியிருப்பேன். அதற்குள் பாஸ்டர், "சகோதரியும் ஒரு பாட்டு பாடலாமே" என்றார்.

அவள் பாய்களைத் தாண்டி என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. எழுந்து நின்றாள். கண்ணை மூடினாள். பாடினாள்.

மாதாவுக்கான லத்தீன் பாட்டு.

செருப்பு எங்கே, சைக்கிள் எங்கே என்று யோசித்தேன். ஆனால் முதல் வரி முடியும்போதே பெண்கள் பக்கம் ஒரு குரல் எழுந்தது: "பாஷை! பாஷை வந்துடுச்சு!" அடுத்த நொடி எல்லாருடைய கையும் மேலே போனது. அந்தச் சபையில், ஆவி ஒருவர் மேல் இறங்கினால் யாருக்கும் புரியாத பாஷையில் பேசுவார்கள் என்பது நம்பிக்கை. சிலருக்கு வருடக்கணக்கில் ஜெபித்தும் வராதாம். இவளுக்கோ, சபைக்கு வந்த முதல் நாளே, அதுவும் ராகத்தோடு, ஜிமிக்கியைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டது.

அவள் எதையும் பார்க்கவில்லை. அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். கூரைத் தகடு அதிர்ந்தது. சைக்கிள் கடையில் சுத்தியல் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. பயத்தில் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் வயதான ஒரு சகோதரி எழுந்து, கண்ணை மூடியபடி அதற்கு அர்த்தம் சொன்னார்: "ரெட்டியார்பாளையமே, கேள்! உன் தெருக்களில் தண்ணீர் ஓடும் என்று கர்த்தர் சொல்லுகிறார்!"

கூடம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "நல்லாதான பாடுனேன்? ஏன் எல்லாரும் அழுவுறாங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ! நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"எப்படி சொல்றது? நீதான் பாடிட்டிருந்தியே."

நான் தடுப்பதற்குள் நேராகப் பாஸ்டரிடம் போனாள். நான் டீ டம்ளரோடு பின்னால் ஓடினேன். "விடு, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்று முணுமுணுத்தேன். என் ஸ்தோத்திரங்கள் கைநழுவிப் போவது எனக்குத்தானே தெரியும்.

"அய்யா, மன்னிச்சுக்குங்க. அது ஆவி பாஷை இல்ல, லத்தீனு. மாதா பாட்டு."

பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. நானும் சின்ன வயசுல சாமியாருக்குப் பூசைல உதவி செஞ்சவன்தான். பாட்டு இன்னும் மறக்கல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"பாடிட்டிருக்கிறவங்கள எப்படிம்மா நடுவுல நிறுத்துறது?"

"அப்ப அந்த அம்மா சொன்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"அவங்க தெருவுல குழா இல்லம்மா. ரொம்ப நாளா ஜெபிக்கிறாங்க. யார் என்ன பாஷை பேசுனாலும் அவங்களுக்குத் தண்ணின்னுதான் கேக்கும்."

திரும்பும் வழியில் "அடுத்த வாரமும் வரலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீங்க வேணா வாங்க. உங்களுக்குத்தான் அங்க ஜனம் சேந்துடுச்சே."

"உனக்கு இன்னா குறை? அழுதாங்களே!"

"தண்ணிக்கு அழுதாங்க. பாட்டுன்னு கேட்டது அந்த மனுஷன் ஒருத்தர்தான்."

முத்தியால்பேட்டை நெருங்கும்போது முதுகுக்குப் பின்னால் முனகல் கேட்டது. சோடாக் கடையைத் தாண்டும்போது முழுப் பாட்டாகிவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா, இன்னிக்கு மீனா?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் பழைய பங்குக் கோயிலுக்கே கிளம்பினாள். மேலே போகவில்லை. கீழே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேலிருந்து கித்தார் தொடங்கியதும் கீழிருந்து இவள் தொடங்கினாள். பசங்கள் இரண்டு வரி தடுமாறினார்கள், பிறகு இவள் வேகத்துக்கு வந்துவிட்டார்கள். பூசை முடிந்து சாமியார் வாசலில் பிடித்தார்.

"ஏம்மா, மனசுக்குள்ள பாடச் சொன்னேனே?"

"பாடிப் பாத்தேன் சாமி. உள்ள இடம் பத்தல."

சாமியார் ஏதோ சொல்ல வந்து, ஸ்கூட்டரை உதைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கித்தாருக்கு ஒரு ஒலிபெருக்கி மட்டும் வாங்கினார்.

ரெட்டியார்பாளையத்தில் அடுத்த மழைக்கு முன்பே அந்தத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதாக மில் நண்பர் வந்து சொன்னார். சபையில் இப்போதும் ஜிமிக்கி போட்ட அந்தச் சகோதரியைப் பற்றிப் பேசுகிறார்களாம். பஞ்சர் ஆன சகோதரரைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். இல்லையாம்.

நான் இன்னும் வீட்டில் துணுக்குகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பாட்டுச் சத்தத்தில் பாதி எனக்கே கேட்பதில்லை. எப்போதாவது ஒன்று அவள் காதில் விழுந்துவிட்டால், பாட்டை நிறுத்தாமலே இரண்டு வரிக்கு நடுவில் அடுப்படியிலிருந்து சொல்வாள்:

"ஸ்தோத்திரம்."