இரண்டு தலைகளைத் தாங்கியவன்

இது நிஜமாகவே நடந்தது. துக்கத்தில் மூளை குழம்பியிருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் பார்த்தது நான் இல்லை. இரண்டு பெண்கள் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று. நானே பேயை நேரில் பார்த்திருந்தால்கூட இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

என் பெயர் ஃபுல்வியோ. ரோமில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் அப்பா ஒரெஸ்தே இங்கே ஓர் அருங்காட்சியகத்தில், பழைய ரோமானியச் சிலைகள் இருக்கும் கூடத்தில் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருடத்திலிருந்து அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. அம்மா செத்தது மறந்தது. வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்தது. சிலைகள் மட்டும் மறக்கவில்லை.

அதிலும் சோர் நீனோ. 'நீனோ ஐயா' என்பதுபோல, காவலர்கள் வைத்த செல்லப்பெயர் அது. தோளிலிருந்து பாதம்வரை மடிப்பு மடிப்பாக அங்கி சுற்றிய ஒரு பளிங்கு மனிதன். ஒரு கையில் தாத்தாவின் தலை, இன்னொரு கையில் அப்பாவின் தலை. முன்னோர் முகங்களைச் செதுக்கிவைத்துக் காப்பாற்றுவது அந்தக் காலத்து வழக்கம். அவனுடைய சொந்தத் தலைதான் இல்லை. எப்போதோ உடைந்துபோய், கழுத்து மொட்டையாக நிற்கும். சின்ன வயதில் பள்ளி விடுமுறை என்றால் அப்பா என்னை அவன் காலடியில் உட்கார வைத்து, "நீனோ, பையனப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்.

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு. அன்று அனுமதி இலவசம், அதனால் நல்ல கூட்டம். "எனக்கு டியூட்டி இருக்குடா" என்று, காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனதிலிருந்து அப்பா அரற்றிக்கொண்டே இருந்ததால் டிராமில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

கூடத்துக்குள் நுழைந்ததுமே நிமிர்ந்துவிட்டார். கோட்டின் மேல் பொத்தான்களை மட்டும் போட்டுக்கொண்டார். சோர் நீனோவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"கைய எடும்மா. கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லு. உன் வீட்டுச் சாமானா இது?"

யாரோ ஒரு சுற்றுலாப் பெண்மணி மிரண்டுபோனாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவன் போனில் படம் பிடித்தான். அப்போதுதான் கவனித்தேன். அப்பாவின் கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"சார்..."

என் வகுப்புப் பிள்ளைகள், ஜாயாவும் தொம்மாசோவும்.

"செம காமெடி சார் இந்தத் தாத்தா. டிரவுசர்லயே போயிட்டு எல்லாரையும் அதட்டுறாரு," என்றான் தொம்மாசோ.

"உங்ககூட வந்தவரா சார்?" என்றாள் ஜாயா.

அப்பா கை எட்டும் தூரத்தில் நின்றார்.

"இல்லம்மா. யாருன்னே தெரியல," என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. பார்வையாளரின் வழியை மறித்துவிட்ட காவலர் சொல்வாரே, அந்தக் குரலில், "மன்னிக்கணும் சார்" என்றார். தொப்பியைத் தொட்டுக்கொண்டார். விலகி அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

நான் உடனே பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிள்ளைகள் கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். அதுமட்டுமா, அவர்கள் கேட்டார்கள் என்று சோர் நீனோவைக் காட்டி, பெற்றவர்களைத் தாங்குவதைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். வெட்கம்கெட்டவன்.

அவர்கள் போனபோது மணி நாலரை. ஜன்னல்களில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கூட்டமும் கலைந்திருந்தது.

அடுத்த அறையில் அப்பா பேசும் குரல் கேட்டது. போனேன். சுவரோரம் வரிசையாகப் பளிங்குத் தலைகள். அப்பா இல்லை.

குரல் அதற்கடுத்த அறைக்குப் போயிருந்தது. அப்பா சிரித்தார்... அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. போனேன். அங்கும் இல்லை.

இப்போது இரண்டு குரல்கள்.

"குளுருதாப்பா?"

"இல்லடா. அதான் நீ இருக்கியே."

கேட்டவனின் குரல் எனக்குத் தெரிந்த குரல். போனில் பதிவான என் குரலைத் திருப்பிக் கேட்டால் இப்படித்தான் கூசும்.

ஓடினேன்.

சரக்... சரக்... அப்பாவின் காலணி தரையில் இழுபடும் சத்தம். கூடவே இன்னொன்று.

டொக்... டொக்...

கல்மேல் கல் படும் சத்தம்.

கடைசி அறைக்குள் நுழைந்தேன். சத்தம் நின்றது.

யாருமில்லை.

அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.

வந்த வழியே திரும்பி ஓடினேன். சோர் நீனோவின் பீடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் கையில் இருக்கும் அந்தக் கிழட்டுத் தலையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது?

வெளிவாசல் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அருகில் ஒரு காவலர்ப் பெண்.

"என்ன சார், மறுபடி வந்துட்டீங்க? அப்பாவ உக்கார வெச்சுட்டு இப்பத்தான உள்ள போனீங்க?"

"நானா?"

"பின்ன யாரு? கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தீங்களே. அதுக்குள்ள மஃப்ளர எங்க கழட்டிப் போட்டீங்க?"

என்னிடம் மஃப்ளரே கிடையாது.

அப்பாவின் நீலக் கோட்டு, கீழ்ப் பொத்தான்வரை போடப்பட்டிருந்தது. நனைந்த இடம் வெளியே தெரியவில்லை. அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்ற எனக்கு அது தோன்றவே இல்லை. முழங்கைக்கு மேலே ஐந்து விரல்களின் தடம் வெள்ளையாக இருந்தது. தட்டினேன். மாவு போல உதிர்ந்தது.

"வீட்டுக்குப் போலாம்பா."

"நீங்க போங்க சார்," என்றார் அப்பா. "என் பையன் வருவான்."

அன்றிலிருந்து கடைசிவரை அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். அதைத் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளியில் வேலை அதிகம் என்று தொய்னாவிடம் போனில் சொல்வேன். தொய்னா அவரோடு தங்கிப் பார்த்துக்கொண்ட ருமேனியாக்காரப் பெண். நான் காரணம் சொல்லும்போதெல்லாம் அவள் எதுவும் புரியாதவள்போல், "சரி சார்" என்பாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அப்பா இறந்துபோனார். போன் வந்து ஓடினேன். படியிலேயே தொய்னா அழுதுகொண்டு நின்றாள்.

"எங்க சார் போயிட்டீங்க? கண்ண மூடிவிட்டுட்டு நீங்கபாட்டுக்கு எறங்கிப் போயிட்டீங்க. கடைசிவரைக்கும் உங்க கைய விடலயே அவரு. 'எம் பையன் வந்துட்டான்'னு சிரிச்சுக்கிட்டேல்ல போனாரு. குடுத்து வெச்சவரு."

போன் வரும்வரை அந்த வாரம் முழுக்க நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அப்பாவின் வலது கை மூடியிருந்தது. மெல்லப் பிரித்தேன். உள்ளங்கையெல்லாம் வெள்ளைத் தூள்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் வந்து அப்பாவுக்கு ஊட்டிவிட்ட பிள்ளையாம் நான். தொய்னா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அப்பாவின் பழைய சகா ஒருவர், "ஒரெஸ்தேக்கு வாய்ச்ச மாதிரி எவனுக்குடா வாய்க்கும்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் தொய்னா வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு அப்பாவுக்கு முத்தம் குடுக்கக் குனிஞ்சீங்கல்ல... அப்ப உங்க மஃப்ளர் நழுவிருச்சு. பாத்துட்டேன். கழுத்தச் சுத்தி முழுசா... அந்த வெட்டு. ஆபரேஷனா சார்?"

காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஆமா," என்றேன்.