ஐஸ் கட்டாத பெட்டி

புத்தளம் டவுனில் பிரிட்ஜ் விற்கும் கடைக்குள் போய், "ஐஸ் கட்டாத பிரிட்ஜ் இரிக்கா?" என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அதுவும் வேறு யாருமில்லை, ஐஸ் முத்தலிபு. கடைக்காரர் நளீம் கல்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூடப் போயிருந்த பள்ளிவாசல் நிருவாகத்தார் இருவரும் தங்களுக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானா, ஐஸ் கட்டாதது வேணுமெண்டா நீங்க அலுமாரிக் கடைக்குத்தான் போகணும்" என்றார் நளீம், ஊர் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லி.

கடையே சிரித்தது. முத்தலிபு சிரிக்கவில்லை. ஐஸ் விற்றே இருபது வருஷம் சோறு தின்ற மனிதர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதைக் கேட்டிருந்தால் நளீமுக்கும் சிரிப்பு வந்திருக்காது.

முத்தலிபு முசலிப் பக்கத்து ஆள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களெல்லாம் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தபோது, மனைவி கமறியாவோடும் கைக்குழந்தை பரீனாவோடும் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார். ஓலைக் கொட்டில் முகாமில் பிள்ளைகளுக்குக் குக்கல் என்ற கக்குவான் இருமல் வந்தது. பரீனா இருமி இருமி நீலம் பாரித்து அடங்கிப்போனாள். முகாமில் அதற்குத் தடுப்பூசி போட்ட பிள்ளைதான் அவள். இத்தனைக்கும் ஊசி போட வந்தவர்களின் பெட்டியில் ஐஸ் நிரம்பி வழிந்ததை முத்தலிபுவே பார்த்து, நல்ல குளிர்ச்சியாகத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று மெச்சியிருந்தார். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி, மையித்தைத் தானே கையில் ஏந்திப் போய் அடக்கிவிட்டு வந்தார். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

பிறகு கரைத்தீவுக்கு வந்து குடியேறினார். டவுனில் ஐஸ் வாங்கிக் களப்புக் கரை மீனவர்களுக்கு விற்கத் தொடங்கினார். சைக்கிளில் தொடங்கியது பட்டா லொறி வரை வளர்ந்தது. முத்தலிபு ஐஸ் போட்ட மீன் கொழும்புக்குப் போனாலும் கண் மூடாது என்பார்கள். மீன் எந்தக் காலத்தில் கண்ணை மூடியது என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரில் அவருக்கு அவ்வளவு பெருமை. இங்கே பிறந்த மகள் ஜுமானா வளர்ந்து, கட்டிக்கொடுத்து, அவளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டிய நாளுக்கு முந்திய நாள் காற்றோடு மழை பெய்து தென்னை மரமொன்று கம்பியில் விழுந்தது. ஊருக்குக் கரண்டு இல்லை. கிளினிக்கில் இருந்ததோ கதவு ரப்பர் பிய்ந்த பழைய பிரிட்ஜ். விடிந்தபோது அதற்குள் தொங்கிய வெப்பமானி எட்டைத் தொடப் பார்த்தது. தடுப்பூசி மருந்து இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் இருக்க வேண்டிய சாமான். மிட்வைஃப் வதனா மருந்துக் குப்பிகளைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிட்டு முத்தலிபுவுக்குப் போன் எடுத்தாள். வன்னியிலிருந்து யுத்த நேரம் இடம்பெயர்ந்து வந்து, இங்கேயே படித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள்.

"நானா, கொஞ்சம் ஐஸ் கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில வையுங்கோ. நான் வந்து அடுக்கிறன். இங்க ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் போகுது, நான் ஓட வேணும்."

அவர் ஐஸோடு வந்தபோது அவள் இல்லை. அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாளாம். வெயில் ஏறியது. தாய்மார் வந்து வாங்கில் உட்காரத் தொடங்கினார்கள். ஜுமானாவும் குழந்தையோடு வந்துவிட்டாள். முத்தலிபுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரனின் மருந்து பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கும்போது ஐஸ்காரன் வெளியே கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?

தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். ஐஸை நொறுக்கினார். தூரப் பயணம் போகும் இறாலுக்குச் செய்வதுபோல உப்பை அள்ளித் தூவிக் கலந்தார். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும். உப்பளம் நிறைந்த புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம்? குப்பிகளை அதற்குள் புதைத்து மூடிவிட்டுத்தான் அவருக்கு மூச்சு வந்தது.

வதனா திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து காட்டினார்.

"பாருங்க மிஸ்ஸி. இனி நாளைக்கும் கிடக்கும்."

அவள் ஒரு குப்பியை எடுத்துப் பார்த்தாள். கல்லாய் உறைந்திருந்தது. உள்ளங்கைக்குள் பொத்தி உருக வைத்துக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைத் துகள்கள் பிரிந்து மெல்ல அடியில் படிந்தன.

"நானா, இது உறைஞ்சு பழுதாப் போச்சு."

"உறைஞ்சா நல்லந்தானே?"

"இது மீனில்லை நானா. பாலைப் போல. ஒருக்காத் திரைஞ்சால் திரைஞ்சதுதான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. முத்தலிபு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "உருகினாப் பிறகு பழையபடி தண்ணிதானே, மிஸ்ஸி. பேசாமப் போட்டிருங்க. ஆருக்குத் தெரியப் போவுது?"

"போட்டால் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. ஆனால் நோய் வருத்தத்தையும் தடுக்காது. ஊசி போட்டாச்சு எண்டு தாய் நிம்மதியா இருப்பா. குக்கல் வந்தால் பிள்ளை போயிடும்."

முத்தலிபு பெட்டிக்குள் நொறுங்கிக் கிடந்த ஐஸைத் திரும்பிப் பார்த்தார். பரீனாவுக்கும் ஊசி போட்டிருந்தது. முகாமுக்கு வந்த பெட்டியிலும் ஐஸ் நிரம்பி வழிந்தது. குப்பிகள் அதற்குள் எப்படி இருந்தன என்று யாருக்குத் தெரியும்? அதுதான் காரணமோ, இல்லையோ, இனி எந்த நாளும் தெரிய வராது. ஆனால் அந்த நினைப்பு அவருக்குள் புகுந்துவிட்டது, இனி வெளியே போகாது.

வதனா வெளியே போய், இன்றைக்கு ஊசி இல்லை, மருந்து பழுதாகிவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள் என்றாள். தாய்மார் கொதித்துப்போனார்கள். எலுவன்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கைக்குழந்தையோடு வந்திருந்த கத்தரினா எழும்பி நின்றாள்.

"மருந்தைப் பாத்துக்கொள்ளத் தெரியாட்டி என்னத்துக்கு இந்த உத்தியோகம்? உங்களை நம்பி இனிப் பிள்ளைக்கு ஊசி போடலாமா?"

"பிழை என்னுடையதுதான் அக்கா" என்றாள் வதனா. "மருந்து என்ர பொறுப்பு."

ஐஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. முத்தலிபு வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். இருபது வருஷமாய்ச் சேர்த்த பெயரில் ஒரு கீறல் விழுந்திருக்காது. ஆனால் இந்தத் தாய்மார் வாய் வழியே மிஸ்ஸியின் மருந்து கூடாது என்ற கதை நாளைக்கு மதுரங்குளி வரை போகும். அதைக் கேட்டு எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஊசி தவறுமோ. வாசலில் வந்து நின்றார்.

"பழுதாக்கினது நான். மிஸ்ஸி ஐஸை வெளிய வெக்கத்தான் சொன்னாங்க. நான் உப்புப் போட்டு உறைய வெச்சிட்டன். என்ட பேரனுக்கும் அந்த மருந்துதான். அவங்க நெனச்சிருந்தா அதயே போட்டிருக்கலாம். போடல்ல. ஏசுறதெண்டா என்ன ஏசுங்க."

ஏசத்தான் ஏசினார்கள். மீனவர்கள் ஒரு மாதம் அவரைக் கண்டால் "உப்புக் கூடவா, குறையவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அடுத்த கிழமை அரசாங்கச் சுகாதாரக் கந்தோரிலிருந்து புது மருந்து வந்தபோது வாங்கில் ஓர் இடமும் காலியாக இல்லை. எலுவன்குளத்துத் தாய்மாரை முத்தலிபுவே வாடகை வானில் ஏற்றி வந்து இறக்கினார். அன்று உள்ளே போக மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

கரண்டு திரும்பி வந்த வேகத்தில் பழைய பிரிட்ஜ் எரிந்துபோக, புதியது வாங்கிக் கொடுப்பது நன்மை என்று பள்ளிவாசலில் முடிவானது. அப்படித்தான் நளீமின் கடைக்குப் போனது. இரட்டைக் கதவு, உள்ளே லைட், ஐஸ் கட்டும் தனி அறை என்று நிருவாகத்தார் ஆசைப்பட்டதையெல்லாம் முத்தலிபு தட்டிக் கழித்து, ஒன்றும் வாங்காமலே திரும்ப வைத்தார். வீட்டுப் பிரிட்ஜ் ஒரு மூலையில் உறையும், கதவுப் பக்கம் சூடாகும், மருந்துக்குரிய பெட்டி கடையில் கிடைக்காது என்று பிறகு வதனாவே வந்து சொன்னாள். முத்தலிபு அந்தப் பெட்டி கேட்டுக் கந்தோருக்கு நடையாய் நடந்தார். இவர் தொல்லை தாங்காமலோ என்னவோ, பேரனின் இரண்டாவது ஊசிக்குச் சற்று முன்னால் மேலே மூடி வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

அன்று முத்தலிபு உள்ளே வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் எங்க மிஸ்ஸி?"

"பெட்டிச் சுவருக்குள்ள இருக்கு நானா. கரண்டு போனாலும் குளிர் நிக்கும். மருந்தில ஐஸ் படாது."

"ஐஸுக்கு அடக்கம் படிப்பிச்சிரிக்கானுகள்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒருக்காக் குலுக்கிக் காட்டுவீங்களா?"

குலுக்கிப் பார்க்க அவசியமே இல்லை. காலையும் மாலையும் அவள் வெப்பமானி பார்க்கிறாள். உறைந்தால் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவியும் உள்ளே கிடக்கிறது. ஆனாலும் வதனா ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பால்போல ஒரே வெள்ளை. துகள் இல்லை, படிவு இல்லை. முத்தலிபு கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"என்ட மூத்த புள்ளைக்கும் ஆராச்சும் இப்பிடிக் குலுக்கிப் பாத்திருந்தா..." என்றார்.

ஜுமானா குழந்தையின் காலைப் பிடித்துக்கொடுத்தாள். ஊசி ஏறியதும் அது வீரிட்டு அழுதது. ஒரு நிமிஷத்தில் தாயின் தோளில் அடங்கியும் விட்டது. முத்தலிபு மட்டும் அடங்கவில்லை. முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், அத்தனை தாய்மாரும் பார்த்திருக்க, பரீனாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.