வாலில் செருகிய கட்டை

தெருவில் அவருக்குப் பைலட் என்று பெயர். அவர் வாழ்நாளில் ஏறிய உயரம் மொட்டை மாடி மட்டும்தான். தொழில், பல் செட் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, ஆளையே பார்க்காமல் பல் கட்டிக் கொடுப்பார். அந்த வேலை முடிந்ததும் அதே மேஜையில், அதே மெழுகும் பிசினும் அரமும் கொண்டு பழைய காலத்துப் பயணிகள் விமானங்களைச் சின்னஞ்சிறிதாகச் செய்வார். எழுபத்திரண்டு அடி நீளமுள்ளது ஓர் அடியாகும்.

பதினேழு செய்திருந்தார். அலமாரி நிறைந்து துணி பீரோவின் தலைமேலும் நின்றன. "இன்னும் ஒண்ணு வந்தா நான்தான் வீட்டைவிட்டு எறங்கணும்" என்பாள் மனைவி.

அந்தக் காலத்து விமானங்களில் ஒன்றை மட்டும் அவர் தொட்டதே இல்லை. இரண்டு எஞ்சின், பக்கத்துக்கு ஏழு ஜன்னல் கொண்ட விசிறி விமானம். அவருடைய அண்ணன் அதற்குத்தான் மெக்கானிக்காக இருந்தான்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அது ஓடுபாதையைத் தாண்டிய கையோடு விழுந்து எரிந்தது. இருபத்தாறு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விமானம் நிற்கும்போது காற்றில் வால் பலகை அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டை செருகுவார்கள். கிளம்புமுன் அதை உருவ வேண்டும்; இல்லாவிட்டால் வால் அசையாது, விமானம் சொன்னபடி கேட்காது. எரிந்த வாலில் கட்டை அப்படியே இருந்தது. 'நானே உருவிக்கொள்கிறேன் என்று விமானத்தை ஓட்டிய பைலட் சொன்னார்' என்று விசாரணையில் அண்ணன் சாட்சி சொன்னான். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? பைலட்டின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதித் தொண்டை போன குரலில் அண்ணன் தம்பியிடம் உண்மையைச் சொன்னான். கிளம்புமுன் கட்டையை எடுத்தாயிற்றா என்று அந்தப் பைலட் கேட்டார், எடுத்தாயிற்று என்று அண்ணன் சொல்லிவிட்டான். கதவு மூடும் அவசரத்தில் மறந்தே போனது. "உன்னோட இருக்கட்டும்டா" என்றான். மறுவாரம் போய்ச் சேர்ந்தான். தன் மனைவியிடம்கூட இவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா படியேறி வந்தார்.

"பைலட் வீடு எதுன்னு கேட்டுத்தான் வந்தேன். அந்த வார்த்தையைச் சொல்லவே நாக்கு கூசுச்சு" என்றார். தாத்தா ஓட்டின விமானம் எப்படி இருக்கும் என்று பேத்தி கேட்கிறாளாம். காட்ட ஒரு படமும் இல்லை, எல்லாவற்றையும் தானே கொளுத்திவிட்டதாகச் சொன்னார். எந்த விமானம் என்று கேட்டார் இவர். அன்று விழுந்து எரிந்ததையே அவர் சொன்னதும் இவர் கையிலிருந்த அச்சு நழுவி, மேல்வரிசைப் பற்கள் இரண்டு உடைந்தன.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒப்புக்கொண்டார்.

நான்கு மாதம் ஆனது. பல் குடையும் ஊசியால் பதினான்கு ஜன்னல்களைத் திறந்தார். வால் பலகையைக் கீல் வைத்துப் பொருத்தினார். விரலால் தட்டினால் அது இடமும் வலமும் லேசாக ஆடியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டபோது, பல்வலி என்றார். பல் செட் செய்கிறவருக்கே பல்வலியா என்று அவள் சிரித்தாள்.

விமானத்தை வாங்கிப்போக வந்த அம்மா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். பிறகு மூக்குப் பக்கம் விரலை வைத்து, "இங்கதான் உக்காந்திருப்பார். இங்க உக்காந்துதான் அத்தனை பேரையும் கொண்டுபோய்க் கொன்னார்" என்றார்.

அதற்கு மேல் இவரால் தாங்க முடியவில்லை. அண்ணன் சொன்னது அத்தனையையும் ஒரு சொல் விடாமல் கொட்டிவிட்டார்.

அந்த அம்மா அழவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார். "எத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியும்?"

"ஒன்பது வருஷமா."

"நான் முப்பத்தொரு வருஷமா அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன். பெத்த புள்ளைகிட்டயே, உங்கப்பன் மாதிரி அலட்சியமா இருக்காதேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அதுல ஒன்பது வருஷம் உங்க கணக்கு."

விமானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் அவருடைய மகன் வந்து, நடந்ததை எழுதித் தரும்படி கேட்டார். இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகன் அதை அனுப்ப, விமானத் துறையிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: இறந்தவர் வாய்மொழியாகச் சொன்னது சாட்சியம் ஆகாது, விசாரணை முடிந்த விஷயம். அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மாறியது குடும்பம்தான். சேதி எப்படியோ அண்ணியின் காதுக்குப் போயிற்று. வாசலில் நின்றபடியே, "செத்தவரை மறுபடியும் கொன்னுட்டீங்க. இனி எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. மனைவி ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "பாரத்தை எறக்கணும்னு நெனச்சீங்க. எறக்கி அந்தம்மா தலையில வெச்சுட்டீங்க" என்றாள்.

அதன்பின் அவர் விமானம் செய்யவில்லை. பல் மட்டும் கட்டினார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு மதியம் போன் அடித்தது. அந்த அம்மா. நலம்கூட விசாரிக்கவில்லை.

"அவர் உங்கண்ணன்கிட்ட என்ன வார்த்தையில கேட்டார்? அப்படியே சொல்லுங்க."

"'கட்டையை எடுத்தாச்சா தம்பி?'ன்னு."

"தம்பின்னு சொன்னாரா?"

"அண்ணன் அப்படித்தான் சொன்னான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். இவர் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். அவர் போனை வைக்கும்வரை இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.