படிக்குக் கீழே கிடந்த விருந்து

எங்கள் வீட்டு வாசற்படி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தளமும் சுவரை விட்டு விலகி, இடுக்கில் மழைத்தண்ணீர் தேங்கி நாறியது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயலை மேடாக்கிக் கட்டிய வீடு; மண் இறங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன். என்னைப் பெற்ற அத்தா, வீட்டைக் கட்டிய கொத்தனாரைத் திட்டித் தீர்த்தார். பக்கவாதம் வந்து வாக்கர் பிடித்து நடக்கிறவர் அவர். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய், கூட்டாளிகளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவதுதான் அவருக்கு உலகம். சாய்ந்த படியில் ஒருநாள் விழுந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

போன மாதம் அதே கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியை உடைக்கச் சொன்னேன். முதல் துண்டு பெயர்ந்ததும் வந்த வாடையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கீழே மண்ணே இல்லை. சுற்றுத் தளத்துக்கு அடிவரை பெருச்சாளி தோண்டிய வளை, அது முழுக்க ஆட்டெலும்பு, பிளாஸ்டிக் டம்ளர், கொழகொழவென்று கறுத்த சேறு. வீடு குடிவந்த அன்று போட்ட விருந்தின் மிச்சம். அன்றைக்குப் படி வேலை முடியாமல் அதற்கான குழி திறந்து கிடந்தது நினைவுக்கு வந்தது.

"நான் மறுநாள் வர்றப்ப மேல மண்ணு போட்டு மூடியிருந்துச்சுங்க. பாய்தான், ரொப்பியாச்சு, காங்கிரீட்டப் போடுன்னாங்க" என்றார் கொத்தனார்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அத்தாவிடம் கேட்டேன்.

"அவ்வளவு குப்பைய எங்க கொண்டுபோயிக் கொட்டச் சொல்றது? குழி சும்மாத்தானே கெடந்துச்சு." சற்றுக் கழித்து, "அன்னைக்கு பிரியாணி ஒரு கொறையும் இல்ல" என்றார்.

தின்றதைக் காலடியிலேயே புதைத்துவிட்டு, இத்தனை நாள் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறார். பெற்றவர் என்றபோதும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

குழியில் கிடந்ததை அள்ளிச் சுத்தம் செய்து, பாதிவரை கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். மத்தியானம் அத்தாவுக்குக் கோழி வறுவலோடு சோறு வைத்தேன். வாசலில் நின்று கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து என்னவோ பறந்து வந்து குழிக்குள் விழுந்தது. சப்பிய கோழிக்கால்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். குழிக்குள் இறங்கி, எச்சில் ஈரத்தோடு கிடந்த எலும்பைக் கையால் எடுத்தேன்.

அத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமாம்மா? பள்ளிக்குப் போவணும்."