டாஸன் வரைந்த ஊதாத் தயிர்

தண்டர் பே நகரில் நான் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஹெல்வி கொர்ப்பெலா ஐந்தாம் வகுப்பு டீச்சர். நல்ல உயரம், கணீர்க் குரல், குளிர்காலம் முழுக்க ஒரே பச்சை ஸ்வெட்டர். அவர் வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் படிப்பதுபோலவே காலையுணவுச் சீரியல் டப்பாவையும் வரி விடாமல் படிப்பார்கள்.

"பேசுறது யாரு? எதைச் சொல்லாம விட்டாங்க?" எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் கேட்கச் சொல்வார். ஒருநாள் பிரின் என்ற பெண் என் ஜாக்கெட்டைத் தொட்டு, "மிஸ் புஷ்பா, காசையும் குடுத்து, கம்பெனி பேரையும் நெஞ்சுல சுமக்கிறீங்களே!" என்றாள். பத்து வயசு.

ஜனவரியில் ஒரு கம்பெனிக்காரர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டிவி ஒன்றை இலவசமாக மாட்டினார்கள். பள்ளி அறிவிப்பு, ஹாக்கி, நடுநடுவே விளம்பரம். அதில் ஊதாக் குழாயில் அடைத்த இனிப்புத் தயிர் ஒன்று கைகால் முளைத்து ஆடிப் பாடும். இரண்டு வாரம் வெள்ளோட்டம். பெற்றோர் குழு சம்மதித்தால் நிரந்தரம்.

ஹெல்வி வேண்டாம் என்றார். குழுத் தலைவர் பிரென்ட் சிரித்தார்.

"சாப்பிடுற மும்முரத்துல டிவியை எந்தப் பிள்ளை பாக்குது? நீங்க ரொம்ப பயப்படுறீங்க ஹெல்வி. உங்க வகுப்பைக் கேட்டா, நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் சொல்லும்."

அது உண்மை. ஐந்தாம் வகுப்பின் சொல்லை ஹெல்வி சாட்சியாகக் காட்ட முடியாது. அடுத்த வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. அதற்குள் ஏதாவது காட்டியாக வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை வாசிக்க வேண்டும். அந்த வெள்ளி கதை இல்லை, காகிதமும் வண்ணக் குச்சியும்தான்.

"'இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட? வரைஞ்சு காட்டு.' இதை மட்டும் கேளுங்க. டிவின்னு மூச்சு விட்டீங்க, நம்ம கதை முடிஞ்சுது" என்று ஹெல்வி எச்சரித்திருந்தார். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரினுக்கு ஜோடி டாஸன், பிரென்ட்டின் நாலு வயது மகன்.

வியாழன் மாலை பிரின் இருபத்திரண்டு படங்களையும் பெற்றோர் கூட்டத்தில் சுவரில் ஒட்டினாள். பதினேழில் ஊதாக் குழாய்.

"தயிர் சாப்பிட்டிருக்காங்க. அதுக்கென்ன?" என்றார் பிரென்ட்.

ஹெல்வி என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தில் வாய் திறந்து பழகாதவள். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

"சின்னப் பிள்ளைங்க சாப்பாட்டு டப்பாவை எல்லாம் நான்தான் திறந்து குடுக்கிறேன். அன்னைக்கு ஒருத்தர் டப்பாவுலயும் அந்தத் தயிர் இல்ல."

"அத்தனையும் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"உங்க பையனுக்கு மூணு பெரோகி, உருளைக்கிழங்கு வச்ச கொழுக்கட்டை. ஒண்ணைக் கீழ போட்டான், நான்தான் துடைச்சேன்."

கூட்டம் சிரித்தது. பிரென்ட் எழுந்துபோய், கோணல் எழுத்தில் டாஸன் என்று எழுதியிருந்த படத்தின் முன் நின்றார். ஊதாக் குழாய், அதற்குக் கையும் காலும்.

"நாங்க இதை வாங்கினதே இல்லையே" என்றார் மெதுவாக.

"அப்ப இதை வரைஞ்சது டாஸனா, டிவியா?" என்றாள் பிரின்.

ஹெல்வி அவளை முறைத்தார். ஆனால் முகம் பூரித்திருந்தது.

டிவி வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவர் பிரென்ட்தான். பிறகு ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாம் எழுந்தன. திங்களன்று ஆட்கள் வந்து டிவியைக் கழற்றியபோது, ஐந்தாம் வகுப்பு வரிசையில் நின்று கைதட்டியது. கழற்றியவர்களில் ஒருவர் தமக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து, தொப்பியைத் தூக்கி வணங்கினார்.

அடுத்த வெள்ளி டாஸன் மறுபடி வரைந்தான். அன்றும் அவனுக்குப் பெரோகிதான். தட்டில் இரண்டு பெரோகி, தரையில் ஒன்று. பக்கத்தில் துடைக்கும் துணியோடு நான்.

ஹெல்வி அதை வாங்கிப் பார்த்தார். "பாருங்க புஷ்பா, இவன் எதையும் சொல்லாம விடல" என்றார்.