குழியை மூடிப் போட்ட பந்தல்

புதிதாக அச்சடித்து வந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பிரிக்கும்போது பெயிண்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு நெடி மூக்கில் ஏறும். அந்த நெடியோடுதான் பதின்மூன்று வயதில் என் முகத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக முதன்முதலில் பார்த்தேன். உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர் எனக்குப் பின்னால் ஓர் அருவியும் பக்கத்துக்கொரு மயிலும் சேர்த்து, என் நிறத்தையும் தன் இஷ்டத்துக்கு வெளுத்து வைத்திருந்தார். நைனா, அதாவது என் அப்பா, அதை வாசலில் விரித்துப்போட்டு, நான்கு பக்கமும் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வயதுக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில். அங்கெல்லாம் தாய்மாமன் பச்சை ஓலையில் "குச்சு" கட்டி, பெண்ணை அதற்குள் தனியாக உட்கார வைப்பது வழக்கம். பொழுது சாய்ந்தால் வெளியே போகக்கூடாது, ஏரிப் பக்கம் தலைகாட்டக்கூடாது, "காத்து கருப்பு" அடித்துவிடும், கையில் எப்போதும் இரும்பு இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாதே, அந்தப் பெண் எங்கேதான் போவாள் என்று ஒரு மகராசியும் கேட்கவில்லை. விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பிறகும் அம்மா என் கையில் கதிர் அறுக்கும் அரிவாளைக் கொடுத்து, எந்தப் பக்கம் போகக்கூடாது என்றார்களோ அதே ஏரிக்கரை வேலிகாத்தான் புதர்களுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு கக்கூஸ் கட்டிக்கொடு என்று அம்மா கேட்காத வருஷம் இல்லை. அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்ததால் விடாமல் நச்சரித்து, கக்கூஸ் குழிக்குள் இறக்கும் வட்டமான சிமெண்டு உறைகளை வாங்கவே வைத்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் அவற்றை இறக்கிவைத்து, பாதிக் குழியும் வெட்டியாகிவிட்டது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போதெல்லாம் அம்மா அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அப்படியிருக்கும்போதுதான் நான் குச்சுக்குள் போனேன், வேலையும் நின்றது.

மஞ்சத்தண்ணி விழாவைக் கல்யாணம் மாதிரி செய்துவிட வேண்டும் என்று நைனாவுக்கு ஒரு வெறி. காஞ்சிபுரத்திலிருந்து சாரட்டு வண்டி, பேண்டு செட்டு, தெரு முழுக்க சீரியல் லைட்டு, வீடியோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வந்தார். பந்தி போட வீட்டுக்குப் பின்னால்தான் இடம் இருந்தது, குழியில் யாராவது தவறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, தோண்டிய மண்ணை அவரே மண்வெட்டியால் தள்ளி மூடினார். உறைகளை வாசலுக்கு உருட்டிக்கொண்டுபோய், உள்ளே மணலை நிரப்பி, அலங்கார வளைவுக்கான கம்பங்களை அதில் நட்டார். அம்மா வந்து நின்று பார்த்தாள். நைனா நிமிராமலே சொன்னார்:

"கக்கூஸு எங்கமே ஓடிப் போவுது? பொண்ணு ஒரு தபாதான் வயசுக்கு வருவா."

விழா அன்று விடிந்ததிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வீடெல்லாம் ஜனம், பட்டுப்புடவையோடு எங்கே போய் ஒதுங்குவது என்று அம்மாதான் குடிக்க வேண்டாமென்றாள். அப்படியும் மத்தியானத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. சாரட்டு ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டேன், தலை தானாகக் குனிந்துகொண்டது. பொண்ணுக்கு என்ன வெட்கம் பார் என்று பெண்கள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். வீடியோவிலும் அது வெட்கமாகத்தான் பதிவாகியிருக்கிறது. நைனா அதை வருகிறவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் போட்டுக் காட்டினார்.

பந்தல் பிரித்த பிறகு உறைகளைக் கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் புதர் வரைக்கும் வந்துவிட, நாங்கள் தார் ரோட்டு ஓரத்துக்கு மாறினோம். லாரி வெளிச்சம் தெரிந்தால் உடனே எழுந்து நிற்க வேண்டும். எனக்காக அம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பாள். அவளுக்கு அப்படி நிற்க யாரும் இல்லை, நான் நிற்கிறேன் என்றாலும் விடமாட்டாள். அதற்கப்புறம் அவள் கக்கூஸ் பேச்சையே எடுக்கவில்லை. நைனாவை நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும்தான். வரவில்லை, மரத்துப்போயிருந்தது.

கடைசியில் என் கல்யாணம் நிச்சயமானபோது கக்கூஸ் வந்தது. பட்டணத்து மாப்பிள்ளை என்பதால் சுவர் முழுக்க டைல்ஸ், வெஸ்டர்ன், ஷவர் எல்லாம் வைத்து, நைனா அதைப் பூட்டிச் சாவியை டிவி மேல் ஆணியில் மாட்டினார். நான் மறுவீடு வந்தபோது, இனிமேலாவது இதில் போயேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நைனா குறுக்கே வந்து, "மாப்ள வந்து போற எடம், பாழ் பண்ணிடப் போவுது" என்றார். சில வருஷம் கழித்து அவரே பூட்டை எடுத்துவிட்டார். முட்டிவலி வந்த பிறகும் அம்மா கோலை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்குத்தான் போனாள். நான் சண்டை போட்டபோது, "அதுல குந்துனா எனக்கு வரமாட்டேங்குதுமா. இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள்.

இப்போது ஏரிக்கரையில் வேலிகாத்தான் இல்லை. புல்டோசர் விட்டு வழித்துவிட்டு, மனைக்கல் நட்டு, கம்பிவேலி போட்டிருக்கிறார்கள்; ஒதுங்க ஒரு செடி மறைவு கிடையாது. கடைசி நாட்களில் அம்மா எவ்வளவு தூரம் நடந்தாள் என்று எனக்குத் தெரியாது, நைனாவுக்கும் தெரியவில்லை.

போன ஆவணியில் அவள் இறந்தாள். சாவுக்கு வந்தவர்களுக்கு நைனாவே பாத்ரூம் இருக்குமிடத்தைக் காட்டி, டைல்ஸ் எந்த ஊரில் வாங்கியது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்புலிவனத்து அத்தை உள்ளே போய்விட்டு வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா குடுத்து வெச்ச மகராசிமா. எங்க ஊர்ல எந்த வூட்ல இந்த மாரி கீது?"

ஆமாம் அத்தை என்றேன்.