தொந்தரவு கொடுத்தவர்: எக்ஸ்ரே அறைப் புஷ்பராணி அக்கா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானில் உள்ள என் சிறிய பிசியோ நிலையத்தில், காப்பாரிலிருந்து வந்திருந்த ஒரு செம்பனைத் தொழிலாளியின் தோளுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் பழைய மருத்துவமனை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் இரங்கல் செய்தி வந்திருந்தது. எக்ஸ்ரே பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய திருமதி புஷ்பராணி பிரிக்பீல்ட்ஸில் தமது இல்லத்தில் காலமானார் என்று எழுதியிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அமைதியாக, யாருக்கும் தொந்தரவு தராமல் கடமையாற்றியவர்" என்றும் சேர்த்திருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் அமைதியானவர் இல்லை. அந்தக் கட்டடத்தில் அவரைப்போலத் தொந்தரவு கொடுத்தவர் எவரும் இல்லை. அந்தத் தொந்தரவுக்காகத்தான் அவரைத் தண்டித்தார்கள். தண்டித்தவர்களே இப்போது அவருக்கு இல்லாத ஒரு குணத்தைக் கொடுத்து வழியனுப்பிவைக்கிறார்கள். இதைச் சும்மா விட முடியவில்லை.

அக்கா குள்ளம். ஈயக் கவசத்தை மாட்டினால் கணுக்கால்வரை வரும். அதோடு அவர் நடைபாதையில் வரும் சத்தம் என் அறைவரை கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் லிட்டில் இந்தியாவுக்குத் தோசை சாப்பிடப் போவோம். "எலும்பு என் கட்சி, தசை உன் கட்சி" என்பார். எந்தப் படத்தையும் ஒரே கோணத்தில் எடுத்துவிட்டுத் திருப்தி அடைய மாட்டார். "எலும்பு பொய் சொல்லாது லா. நாம நிக்க வைக்கிற கோணம் சொல்லும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன பேச்சு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையிலிருந்து முருகானந்தம் என்ற தொழிலாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இயந்திரத்தில் மின்சாரம் தாக்கித் தூக்கி எறிந்திருந்தது. வலது கை விரல்களில் தீக்காயம். "கை வலிக்குது, கையைத் திருப்ப முடியலை" என்று அவர் சொன்னதைக் கூட வந்த மேற்பார்வையாளர் மலாயில் 'தாங்ஙான்' என்று மருத்துவரிடம் சொன்னார். தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். மலாய்ப் பேச்சிலும் அப்படித்தான். மருத்துவர் அதை ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்று எழுதியபோது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு எக்ஸ்ரே என்று எழுதி அனுப்பினார்.

கை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் காரை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டின் எட்டு, உள்ளங்கை, விரல்கள் என்று மொத்தம் முப்பத்திரண்டு எலும்புகள் இருக்கின்றன. அக்கா முருகானந்தத்தை எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னார். அவர் தோளைத் தொட்டார். கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார். முன்கையை வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னால் கை வரவில்லை. உடம்பே சேர்ந்து திரும்பியது.

மின்சாரம் தாக்கும்போது தோளைச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். கையை உள்பக்கம் திருப்பும் தசைகள் பெரியவை, வலுவானவை. வெளிப்பக்கம் திருப்புபவை சிறியவை. பெரியவை வெல்லும்போது மேற்கை எலும்பின் தலை குழியைவிட்டுப் பின்பக்கமாக நழுவிவிடக்கூடும். இது பாடத்திலேயே இருக்கிறது. முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் எலும்பு இடத்தில் இருப்பதுபோலவே தெரியும் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது.

அக்கா மருத்துவர் எழுதிய எக்ஸ்ரே தாளோடு அவசரப் பிரிவுக்குப் போனார். அவர் வாயை அடைப்பதற்காக மருத்துவர் தோளுக்கு முன்பக்கப் படம் ஒன்று மட்டும் எடுக்க ஒப்புக்கொண்டார். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எலும்பின் தலை பல்பு மாதிரி உருண்டையாகத் தெரிகிறது, அப்படித் தெரியக்கூடாது, பக்கவாட்டுப் படம் வேண்டும் என்று அக்கா கேட்டார்.

"படம் எடுக்கிறது உங்க வேலை. படிக்கிறது என் வேலை" என்றார் மருத்துவர், நோயாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி.

அக்கா திரும்பி வந்து, மருத்துவரின் கையொப்பமில்லாமல் கதிரைப் பாய்ச்சக்கூடாது என்பதால், எக்ஸ்ரே தாளின் அடியில் தன் கைப்பட எழுதினார்: நோயாளியால் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை, தோளுக்குப் பக்கவாட்டுப் படம் தேவை. கீழே பெயரையும் எழுதினார். விரல்களுக்குக் கட்டுப் போட்டு முருகானந்தத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்கு வாரம் கழித்து அவர் என்னிடம் வந்தார். 'தோள் இறுக்கம், பயிற்சி கொடுக்கவும்' என்று சீட்டு. கோப்பைப் புரட்டினேன். அக்காவின் கையெழுத்தைப் பார்த்தேன். படித்தேன். மருத்துவர் பார்த்திருப்பார் என்று மூடிவைத்தேன். பிறகு அந்த மனிதரின் கையைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். அவருக்கு நெற்றி வியர்த்தது. "தாங்கிக்குவேன் மேடம், நீங்க செய்யுங்க" என்றார். அவர் தாங்கினார், நான் செய்தேன். இதை எழுதும்போதும் என் விரல்கள் கூசுகின்றன.

மூன்றாம் நாள் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு என் அறையைக் கடந்து போனவர் நின்றார். உள்ளே வந்தார். பாத்திரத்தைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முருகானந்தத்தின் இடது தோளின் முன்பக்கம் வைத்தார். பிறகு வலது தோளில் வைத்தார். இடப்பக்கம் உருண்டை இருந்தது. வலப்பக்கம் தட்டையாக இருந்தது. தோளின் பின்பக்கம் என் உள்ளங்கையில் ஒரு மேடு தட்டியது.

"இது இறுக்கம் இல்ல. எலும்பு பின்னால போய் உக்காந்திருக்கு. நீ அத இழுத்துக்கிட்டு இருக்க" என்றார்.

எலும்பு சிகிச்சை நிபுணரின் வாசலில் போய் நின்றார். அவர் வெளியே வரும்வரை நகரவில்லை. கையொப்பம் கிடைத்த பத்தாவது நிமிடத்தில் படம் வந்தது. யார் பார்த்தாலும் தெரியும். குழி ஒரு பக்கம், எலும்பின் தலை ஒரு பக்கம். முதல் நாளே சரிசெய்திருந்தால் மயக்கம் கொடுத்துக் கையால் இழுத்துப் பொருத்தியிருக்கலாம். இப்போது அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கை தோள் உயரம்வரை எழும்பியது, அதற்குமேல் போகவில்லை. தொழிற்சாலைக்கு அப்படிப்பட்ட ஆள் தேவைப்படவில்லை. பயிற்சி முடிவதற்குள் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். விடைபெற வந்தபோது இடது கையால் தலை வாரியிருந்தார். வகிடு கோணலாக இருந்தது.

பிறகு விசாரணை நடந்தது. படம் ஏன் அன்றைக்கே எடுக்கப்படவில்லை என்று விசாரித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஓர் எக்ஸ்ரே ஊழியர் எல்லை மீறி நோயாளியின் முன்னால் மருத்துவமனையின் பெயரைக் கெடுத்தாரா என்று விசாரித்தார்கள். அக்கா முதல் நாளே எழுதி வைத்ததைச் சொன்னார். கோப்பைத் திறந்தார்கள். அந்தத் தாள் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். அப்படி ஒரு குறிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி எனக்கு வரும்: பார்த்தும் ஏன் இழுத்தாய்? அக்கா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து, "ஞாபகம் இல்லை" என்றேன்.

அக்காவைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை படங்களை உறையில் போட்டுக் கொடுக்கிற வேலை. எல்லா எலும்பையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவரை உறைகளில் பெயர் ஒட்ட வைத்தார்கள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மருத்துவர்களுக்குப் போன் செய்வார் என்று புகார்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு முறையாவது அவர் சொன்னது சரியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

நான் அடுத்த வருடம் அங்கிருந்து விலகினேன். அவரைப் பார்க்கப் போகத் துணிவு வர எட்டு வருடம் பிடித்தது. போன மாதம்தான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்துக்குப் போனேன். படுக்கையில் இருந்தார். உடல் வற்றிக் காரை எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எரிச்சலோடு தலையைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பையன் கை இப்ப எப்படி இருக்கு?"

தெரியாது என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசு."

நான் விசாரித்தேன். பழைய சக தொழிலாளிகள் சிலரைப் பிடித்து எண் கிடைத்தது. முருகானந்தம் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கை அதே உயரத்தில்தான் நிற்கிறது. அக்காவின் பெயரைச் சொன்னதும் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. என் பெயரைச் சொன்னபோது சற்று யோசித்து, "தெரியும் மேடம்" என்றார். இதை அக்காவிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தேன். செவ்வாய்க்கிழமையே செய்தி வந்துவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினேன்: அந்தக் குறிப்பு இருந்தது. தாளின் அடியில், நீல மையில், அவருடைய பெயரோடு. நான் படித்தேன். கூப்பிய கைகள் நின்றன. நிர்வாகத்தில் ஒருவர் என்னை அழைத்து, துக்க நேரத்தில் இது தேவையா என்று வருத்தப்பட்டார். தேவை என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் பிடித்துத் தோளில் வைத்த அந்த விரல். இப்போது யார் வந்தாலும், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், முதலில் வலியில்லாத பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு மற்றதை. மன்னிப்பு கிடைக்கவில்லை. அதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.